ஒரு லிட்டருக்கு நாலு மூடி

ஒரு விடுகதை போடுகிறேன், பதில் சொல்லுங்கள் பார்ப்போம். தோளில் தொங்கும், பிள்ளை இல்லை. புல்லை மேயும், மாடு இல்லை. எண்ணெய் கலக்காமல் சோறு போட்டால் அன்றைக்கே செத்துப்போகும். அது என்ன?

யோசியுங்கள். பஸ் உடுமலை போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது.

தெரியவில்லையா? புல் வெட்டுகிற மெஷின். என் பெண் மிருதுளா சொந்தமாகப் போட்ட விடுகதை. ஏழாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லையாம், டீச்சருக்கே தெரியவில்லையாம்.

நான் ஏறினதும் பெட்ரோல் வாசம் அடிக்கிறது என்று ஜன்னலைத் தள்ளினீர்கள் இல்லையா, அதனால்தான் சொன்னேன். பயப்படாதீர்கள், பையில் பெட்ரோல் இல்லை. வேலைக்குப் போடுகிற சட்டை இருக்கிறது. எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வாசம் போகாது. நான் தென்னந்தோப்புகளில் புல் வெட்டுகிறவள். பெயர் சாந்தாமணி. பொம்பளை தோளில் மெஷினை மாட்டிக்கொண்டு வெட்டுவதா என்று கேட்டவர்களெல்லாம் இப்போது போன் போட்டு, எப்போ வர்றீங்க என்று கேட்கிறார்கள். கேட்டார்கள். இப்போது கேட்பதில்லை. ஏன் கேட்பதில்லை என்றால், ஒருத்தி மெஷினைக் கொன்றுவிட்டாள்.

யார் தெரியுமா? என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி, விசாலாட்சி. வேறு எவளாவது செய்திருந்தால் எனக்கு இத்தனை கோபம் வராது.

அந்த மெஷின் எங்கள் இரண்டு பேருக்கும் பொது. அவள் தோட்டைக் கழற்றி அடகு வைத்தாள், நான் சீட்டுப் பணத்தை எடுத்தேன். பாதிக்குப் பாதி. ஒரு நாள் நான் வெட்டுவேன், அவள் முன்னால் போய்க் கல்லையும் விழுந்த மட்டையையும் பொறுக்குவாள். மறுநாள் அவள் வெட்டுவாள், நான் பொறுக்குவேன். ஆனால் மெஷின் இருப்பது என் வீட்டில். பெட்ரோல் கலப்பது நான். அதை நான் யாருக்கும் விட்டதில்லை. ஏனென்றால் வேளாண்மைப் பண்ணையில் மூன்று நாள் பயிற்சிக்குப் போனவள் நான். சர்ட்டிபிகேட் வாங்கினவள் நான். அவள் போகவில்லை. அவள் பிள்ளைக்கு அப்போது அம்மை.

இந்த மெஷினுக்கு ஸ்கூட்டர், பைக் மாதிரி ஆயில் ஊற்றத் தனி இடம் கிடையாது. பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். ஆயில் குறைந்தால் உள்ளே பிஸ்டன் உரசி உரசிப் பிடித்துக்கொள்ளும். கூடினால் புகையும், ப்ளக்கில் கரி கட்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு நாற்பது மில்லி ஆயில். எங்கள் வீட்டில் மிருதுளாவின் காய்ச்சல் மருந்து மூடி ஒன்று உண்டு, பத்து மில்லிக் கோடு போட்டது. அதில் நாலு மூடி. நான் ஊற்றுவேன், மிருதுளா எண்ணுவாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. போதும்மா, நாலாச்சு. ஒரு சொட்டுக் கூடாது, குறையாது.

அது மட்டுமா? சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நான் கை கால் கழுவுவதற்கு முன்னால் மெஷினுக்கு வேலை பார்ப்பேன். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டுவேன். பத்து நாளுக்கு ஒரு தடவை ப்ளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்பேன். என் வீட்டுக்காரர் லாரிக்குப் போகிறவர், மாதத்துக்கு இரண்டு தடவை வருவார். "எனக்கு ஒரு நாளாவது இப்படித் தொடச்சு விட்டிருக்கிறயா?" என்று கேட்பார். நீங்க ஸ்டார்ட் ஆகறதுக்கு மூணு இழுப்பு இழுக்க வேண்டியதில்லையே என்பேன். சிரிக்கிறீர்கள். சிரிக்கிற காலம் அது.

இந்த விசாலாட்சி இருக்கிறாளே, மெஷின் வாங்கின முதல் மாதமே என்ன செய்தாள் தெரியுமா? தோப்பில் பெட்ரோல் தீர்ந்துபோனது. தோப்புக்காரரின் பைக்கிலிருந்து ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து அப்படியே டேங்க்கில் ஊற்றப் போனாள். வெறும் பெட்ரோல்! நல்ல வேளை, சனிக்கிழமை, மிருதுளா கூட இருந்தாள். "சித்தி, ஆயில் எங்கே?" என்று கையைப் பிடித்துவிட்டாள். விசாலாட்சி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ சாமி, மறந்தே போயிட்டனே. நல்லவேளை கண்ணு நீ பாத்த" என்று அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

மறந்து போயிற்றாம். அன்றைக்கே எழுதி வைத்துக்கொண்டேன் மனதில். ஒரு தடவை மறந்தவள் இன்னொரு தடவை மறக்கமாட்டாளா? நீங்களே சொல்லுங்கள்.

போன ஆயுத பூஜைக்கு மெஷினைக் குளிப்பாட்டினேன். குளிப்பாட்டினேன் என்றால் ஓஸ் பைப் போட்டு, சோப்பு நுரை போட்டு, பிளேடு முதல் பிடி வரைக்கும். சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன், வாழைக்கன்று கட்டினேன். டேங்க்கை விளிம்பு வரைக்கும் நிரப்பினேன். பூஜைக்கு நம் வீட்டில் அரிசிப் பானை காலியாக இருக்கலாமா? மெஷினுக்கும் அப்படித்தானே. பூஜையன்றைக்கு வயிறு நிறைந்திருந்தால்தான் வருஷம் முழுக்க ஓடும். முதல் நாளே அஞ்சு லிட்டர் வாங்கி வந்து கலந்தேன். இருபது மூடி. மிருதுளா எண்ணினாள். பங்க் எங்கள் ஊரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர், அடிக்கடி யார் போவது? கேனில் மீதி நாலு லிட்டருக்கு மேல் இருந்தது. அதன் மூடி எங்கேயோ விழுந்துவிட்டது. பாலித்தீன் தாளை மடித்துப் போட்டு ரப்பர் பேண்டு சுற்றி, கிணற்று மோட்டார் ரூமில் வைத்தேன். மெஷினையும் அங்கேதான் மாட்டினேன். வீட்டுக்குள் பெட்ரோல் வைக்கக் கூடாது என்று பண்ணையில் சொல்லியிருக்கிறார்கள். நான் சொன்னபடி செய்கிறவள்.

மிருதுளா ஒரு தாளில் எழுதி அந்தக் கேனில் ஒட்டினாள். ‘ஆயுத பூஜைக்கு முதல் நாள் கலந்தது. 5 லிட்டர். 20 மூடி. கலந்தது: அம்மா. எண்ணியது: மிருதுளா.' அவளுக்கு எதையும் எழுதி ஒட்ட வேண்டும்.

பூஜை முடிந்த மூன்றாம் நாள் மழை பிடித்தது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. எங்கள் பக்கம் அப்போது தோப்புக்குள் கால் வைக்க முடியாது, சேறு. மெஷினுக்கு வேலை இல்லை. அப்போது ஒரு நாள் விசாலாட்சி வந்து நின்றாள்.

"அக்கா, மழ முடியறவரைக்கும் மெஷினுக்கு வேலையில்லீங்களே. டேங்கக் காலி பண்ணி வெச்சுப்போட்டா தேவலைங்களா? எங்கண்ணன் மருந்தடிக்கிற மெஷின அப்படித்தான் வெப்பாருங்க."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? "ஏம்புள்ள, பூஜை போட்டு நெறச்ச வயித்தக் கொட்டிக் கவுக்கறதா? உங்கண்ணன் எந்தப் பண்ணையில சர்ட்டிபிகேட் வாங்கினாரு?" என்றேன். முகம் சுருங்கிப் போய்விட்டாள். "இல்லீங்கக்கா, சும்மா கேட்டனுங்க" என்று போய்விட்டாள். பாருங்கள், அப்போதே அவளுக்கு அந்த மெஷின் மேல் ஒரு கண்.

கார்த்திகையில் மிருதுளா மோட்டார் ரூமிலிருந்து வந்து, "அம்மா, கேனுக்குள்ள அடியில தண்ணி மாதிரி தனியா நிக்குதும்மா" என்றாள். அது ஆயில் கண்ணு, கனமா இருக்கிறது அடியில நிக்கும், ஆட்டினாக் கலந்துரும் என்றேன். "ஆயில் பச்சையா இருக்குமே, இது வெள்ளையா இருக்கே" என்றாள். போய்ப் படி என்றேன். ஏழாவது படிக்கிற பிள்ளை எனக்குச் சொல்லித்தருவதா? அந்த ரூமின் மேலே தகரத்தில் ஓர் ஓட்டை உண்டு, ஒழுகும். ஆனால் கேனின் மேல்தான் பாலித்தீன் தாள் போட்டிருக்கிறேனே.

பொங்கல் கழிந்தது. புல் இடுப்பு உயரம். வேலுச்சாமி என்கிறவர் தோப்பில் முதல் வேலை. எட்டு ஏக்கர். ஒழுங்காக வெட்டிக் கொடுத்தால் வருஷம் முழுக்க வேலை உங்களுக்குத்தான் என்று சொல்லியிருந்தார். அன்றைக்கு வெட்டுகிற முறை விசாலாட்சிக்கு.

மெஷின் மூன்று இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். அன்றைக்குப் பதினைந்து இழுப்பு இழுத்தாள். நான் ஆட்டிக் குலுக்கிக் கொடுத்தேன். ஒரு வழியாகப் பிடித்தது. பிடித்ததும் பாதி வரிசை போனாள். சத்தமே வேறு மாதிரி இருந்தது. இருமுவதும் நிற்பதுமாக. "அக்கா, இது சரியில்லீங்க, நிறுத்திப் பாக்கலாங்க" என்றாள். எட்டு ஏக்கர் இருக்கிறது, தோப்புக்காரர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். "ஓட்டு புள்ள, ஓடினாச் சரியாயிரும்" என்றேன். டேங்க் தீர்ந்ததும் கேனிலிருந்து நானே நிரப்பிக் கொடுத்தேன். இரண்டாவது வரிசை முடியவில்லை. கிறீச் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தால் இம்மிகூட அசையவில்லை. பாறையில் கட்டின கயிறு மாதிரி.

என் கண்ணெதிரே. அவள் கையில்.

அங்கேயே கேட்டேன். "டேங்க்ல என்னடி ஊத்தின?" என்றேன். அவள் விழித்தாள். "நான் என்னத்தைங்கக்கா ஊத்தினேன், நீங்கதான ஊத்தினீங்க" என்றாள். எப்படிப் பேச்சை மாற்றுகிறாள் பாருங்கள்! நான் சத்தம் போட்டேன். இவள் முன்னாலேயும் வெறும் பெட்ரோல் ஊற்றப் போனவள்தான், இவளை நம்பி இனிமேல் எந்தத் தோப்பிலும் விடாதீர்கள் என்று வேலுச்சாமியிடமே சொன்னேன். அவர் சொன்னது பத்துத் தோப்புக்குப் பரவ எத்தனை நேரம்? ஒரே வாரம். இப்போது அவளை யாரும் கூப்பிடுவதில்லை. தேங்காய் நார் மில்லுக்குப் போகிறாள். தூசியில் இருமிக்கொண்டே வருகிறாள். எனக்கும்தான் வேலை இல்லை, மெஷின் இல்லாமல் நான் என்ன செய்வேன்? அதை யாரும் பேசமாட்டேன் என்கிறார்கள்.

மெஷினையும் கேனையும் எடுத்துக்கொண்டு பொள்ளாச்சியில் ராயப்பன் என்கிற மெக்கானிக்கிடம் போனேன். கிளம்புகிறபோது கேனில் ஒட்டின அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். ஈரத்தில் நைந்து பாதி தொங்கிக்கொண்டிருந்தது. அதை ஏன் கடைவரைக்கும் கொண்டு போக வேண்டும்? மிருதுளா வாசல்படியில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு அப்படியே நின்றது. ஒரு நைந்த தாள், அதில் என்ன இருக்கிறது?

இந்த ராயப்பன் கேனிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து மேஜை மேல் வைத்தான். கொஞ்ச நேரத்தில் இரண்டாகப் பிரிந்து நின்றது. மேலே பச்சையாக, கீழே நிறமில்லாமல். "பாத்தீங்களாக்கா?" என்றான். "இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலந்துதான் வருது. அது காத்துல இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்துக்கும். ஈரம் சேந்து போச்சுன்னா எத்தனாலும் தண்ணியும் கூட்டாக் கீழ எறங்கிரும். ஆயில் மேல பெட்ரோலோடயே நின்னுரும். டேங்க்ல உறிஞ்சற குழா எங்க இருக்கு? அடியில. அப்ப இஞ்சினுக்கு ஆயிலே போகாதுங்களே. எவ்வளவு நாளாக் கெடந்துச்சு இது?"

ஆயுத பூஜையிலிருந்து என்றேன். ஒளித்துப் பேசுகிறவளா நான்?

"மூணு மாசமுங்களா!" என்றான். "மழைக்காலத்துல, மூடி இல்லாத கேன்ல! ஏனுங்கக்கா, கலந்த பெட்ரோல ஒரு மாசத்துக்கு மேல வெக்கக் கூடாதுன்னு பண்ணையில சொல்லலீங்களா?"

சொன்னார்களோ என்னவோ. மூன்றாவது நாள் மத்தியானம் எண்ணெய், பெட்ரோல் பற்றி ஏதோ சொன்னார்கள். அன்றைக்குத்தான் சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள், போட்டோ பிடித்தார்கள். அதுவா இப்போது பேச்சு? நான் கேட்பது ஒன்றே ஒன்று. அடியில் தண்ணீர் நின்றது என்றால், தண்ணீரை ஊற்றினது யார்? காற்று வந்து ஊற்றுமா? காற்றில் ஈரம் இருக்கிறதாம், அது பெட்ரோலுக்குள் போகிறதாம். நான் சின்னப் பிள்ளையா? டேங்க்கைக் காலி பண்ணச் சொன்னவள் எவள்? காலி பண்ணவில்லை என்ற ஆத்திரத்தில் தண்ணீரை ஊற்றினவள் எவள்? இதைக் கேட்டதும் ராயப்பன் என்னையே பார்த்தான். பிறகு குனிந்து வேலையைப் பார்த்தான். "பிஸ்டன், ரிங்கு புதுசு போட்டுத் தர்றனுங்க" என்றான். பைக் மெக்கானிக்தானே, அவனுக்கு எங்கள் வீட்டு விவகாரம் என்ன தெரியும்?

நேற்று மெஷின் சரியாகி வந்தது. வாசலில் இறக்கி வைத்தேன். விசாலாட்சி மில்லிலிருந்து நேராக வந்தாள், தலையெல்லாம் நார்த்தூசி. நான் உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே பேசினாள்.

"அக்கா, நடந்தது நடந்துபோச்சுங்க. மெஷின்ல எனக்கும் பாதி இருக்குதுங்க. ஒரு வருஷம் உங்ககிட்ட இருந்துச்சு. இனி ஒரு வருஷம் எங்கூட்டுல இருக்கட்டுங்க. பெட்ரோல் நான் கலந்துக்கறனுங்க. அன்னன்னைக்கு வேணுங்கறத அன்னன்னைக்குக் கலந்துக்கலாங்க. நான் வேலுச்சாமி அண்ணங்கிட்ட மறுக்காப் போயி வெட்டிக் காட்டணுங்க. இல்லாட்டி சாகறவரைக்கும் மில்லுதானுங்க எனக்கு."

எத்தனை தைரியம் பாருங்கள். தண்ணீர் ஊற்றினவள் கையில் மெஷினைக் கொடுப்பதா? "நீ ஊத்தினயா இல்லையா, ஒத்துக்கோ, அப்பறம் பேசலாம்" என்றேன். "நான் ஊத்தலீங்கக்கா" என்றாள். ஊற்றினாய் என்றேன். ஊற்றவில்லை என்றாள். அக்கம்பக்கத்து வீடுகளில் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள். என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். "ரெண்டு பேரும் மெஷின நடுவால அறுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நல்ல சமயத்தில் கிண்டல்.

அப்போதுதான் நான் சொன்னேன். நான்தான் சொன்னேன், அவள் கேட்கவில்லை. "சரி, நீயும் வேண்டாம், நானும் வேண்டாம். மிருதுளா சொல்லட்டும். ஆரம்பத்திலிருந்து கூட இருந்தவ அவ. ஒவ்வொரு மூடியும் எண்ணினவ அவ. மெஷின் எந்த வீட்ல இருக்கணும்னு அவ சொல்றதுதான் முடிவு" என்றேன்.

விசாலாட்சி பதறிப்போனாள். "பச்சப் புள்ளைங்க அது. அதப் போயி இதுக்குள்ள இழுக்காதீங்கக்கா. வேண்டாங்க" என்றாள். பயம் வந்துவிட்டது அவளுக்கு! பயம் எங்கிருந்து வரும்? தப்புச் செய்தவர்களுக்குத்தான் வரும். நான் விடவில்லை. நான் பெற்ற பெண், நான் சோறு போட்டு வளர்க்கிற பெண், எனக்குத் தெரியாதா அவள் யாரைச் சொல்லுவாள் என்று? "மிருதுளா, வெளிய வா" என்று கூப்பிட்டேன்.

வந்தாள். கையில் பேனா இருந்தது, வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் உள்ளே இருந்து கேட்டிருக்கிறாள். நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். கண்ணு, பயப்படாம சொல்லு, யாரும் உன்னத் திட்டமாட்டாங்க, மெஷின் நம்ம வீட்ல இருக்கட்டுமா, சித்தி வீட்லயா என்றேன். அவள் மெஷினைப் பார்த்தாள். சித்தியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள்.

அந்தக் கோபத்தில்தான் இன்றைக்குக் காலையில் பஸ் ஏறினேன். உடுமலையில் என் அண்ணன் வீடு. நாலு நாள் அங்கே இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். போகாதே என்று ஒருவரும் சொல்லவில்லை. மிருதுளா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

என்ன சொன்னாள் என்றா கேட்கிறீர்கள்?

சித்தி வீட்டில் இருக்கட்டும் என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் வீட்டுப்பாடத்தை எழுதினாள்.